இரண்டு மைக், ஒரு மாடியறை: வீட்டில் டிரம்ஸ் பதிவு பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே குரலையும் கித்தாரையும் பதிவுசெய்வது பற்றி இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பல, டிரம்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தன. சிறிய அறையில் குறைந்த கருவிகளோடு பதிவுசெய்வதற்குக் கடினமானது அதுதான் என்பதால் தள்ளிப்போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இம்முறை முழுப் பகுதியும் டிரம்ஸுக்கே.

கேள்வி: ஐயா, தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். வீட்டின் மாடியறையில் செட் இருக்கிறது. அறை 10 அடிக்கு 12 அடி, கூரை 10 அடி உயரம். இரண்டு மைக் மட்டும் இணைக்கக்கூடிய இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), பாடுவதற்கு வாங்கிய டைனமிக் மைக் ஒன்று, விலை குறைந்த கண்டென்சர் மைக் ஒன்று ஆகியவை உள்ளன. எட்டு மைக் கொண்ட டிரம் மைக் செட் இல்லாமல் முடியாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? — நாகர்கோவில் வாசகர்

பதில்: நண்பர்கள் சொல்வதை இப்போதைக்குக் கேட்க வேண்டாம். எட்டு மைக் வாங்கினால் எட்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸும், எட்டு ஸ்டாண்டும், எட்டு கேபிளும் வாங்க வேண்டும். அவ்வளவும் வாங்கிய பிறகு, ஒரே ஸ்னேர் (அடியில் கம்பிகள் பொருத்திய டிரம்) அடியை எட்டு மைக்கும் எட்டு வெவ்வேறு நேரத்தில் கேட்பதால் விளையும் குழப்பத்தைத் தீர்க்கும் பயிற்சியும் தேவைப்படும். உங்களிடம் உள்ள இரண்டு மைக்கைக் கொண்டு, தேவாலயக் குழுவின் பாடல்களுக்கு மட்டுமன்றி வெளியிடத்தக்க பாடல்களுக்கும் போதுமான பதிவைச் செய்துவிடலாம்.

முதலில் டிரம்களைச் சுருதி கூட்டுங்கள். இன்றைய டிரம்மின் தோல் பிளாஸ்டிக் தகடுதான்; பெயர் மட்டும் தோல் என்றே நிலைத்துவிட்டது. எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, விரலால் முடிந்த அளவு இறுக்கியபின், டிரம் சாவியைக் கொண்டு ஒரு திருகு, அதற்கு நேரெதிரே உள்ள திருகு என்ற வரிசையில் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு ஒரு விரலைத் தோலின் நடுவில் மெல்ல வைத்தபடி, ஒவ்வொரு திருகுக்கும் ஓரங்குலம் உள்ளே குச்சியின் நுனியால் தட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் சுருதி ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்பது தெளிவாகக் கேட்கும். எல்லா இடமும் ஒன்றாக வந்த பிறகும் ஸ்னேர் 'ஙொய்' என்று நீளமாக ரீங்கரித்தால், ஒரு டிஷ்யூ தாளை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து ஓரமாக டேப்பால் ஒட்டினால் போதும். டாம் எனப்படும் பக்கத்து டிரம் ஒன்றை அடிக்கும்போதெல்லாம் ஸ்னேரின் கம்பிகள் சேர்ந்து இரைந்தால், அந்த டாமின் சுருதியைச் சற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்; பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். இதற்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் நட்டமில்லை. பழைய தோலும் தவறான சுருதியும் தரும் ஒலியை எந்த மென்பொருளாலும் திருத்த முடிவதில்லை.

அடுத்தது அறை. 12 அடி நீளமுள்ள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலும் ஒலி இரு சுவர்களுக்கிடையே நின்று அலையும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் விழுகிறது. அறையின் நட்டநடுவில் இந்த அலைகளின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால், அங்கே வைக்கும் மைக் கிக்கின் அடிப்பகுதியைக் கேட்கவே கேட்காது. ஆகவே செட்டை நடுவிலிருந்து விலக்கி, ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். தரை டைல்ஸ் என்றால் கீழே கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்து, வீட்டில் உள்ள பஞ்சு மெத்தைகளை உங்கள் முதுகுக்குப் பின்னாலும் பக்கச் சுவரிலும் நிற்கவைத்துவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தை கிடைத்தால் நல்லது; அதன் தடிப்புக்கு அது நன்றாகவே உழைக்கும்.

இப்போது மைக். டைனமிக் மைக்கைக் கிக்குக்கும் கண்டென்சரை மற்ற எல்லாவற்றுக்கும் கொடுங்கள். கிக்கின் முன்தோலில் துளை இருந்தால் மைக்கின் தலை அதற்குள் சற்று நுழையும்படி வையுங்கள். துளை இல்லாவிட்டால் தோலிலிருந்து நான்கு விரற்கடைத் தூரம். உள்ளே ஒரு போர்வையை இரு தோல்களையும் லேசாகத் தொடும்படி போட்டால் அடி சுருக்கமாகவும் கெட்டியாகவும் விழும். பாட்டு மைக் மிகத் தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக எடுக்காது, ஆகவே பிறகு இ.க்யூ.வில், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதியில், 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றி, 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை குறைத்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோன்ற தன்மை விலகும்.

கண்டென்சரைப் படங்களில் காண்பதுபோல் செட்டுக்கு மேலே உயரத் தூக்கிவிடாதீர்கள். கூரைக்கு இரண்டடி கீழே வைத்தால், செட்டிலிருந்து நேராக வரும் ஒலியும், மேலே சென்று கூரையில் பட்டு நாலடி கூடுதலாகப் பயணம் செய்து திரும்பும் ஒலியும் மைக்கில் மோதிக்கொள்ளும். அந்த மோதலில் முதலில் அடிபடுவது ஏறக்குறைய 140 ஹெர்ட்ஸ், அதாவது டாம்களின் உடல். வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் உங்கள் வலத்தோளுக்குச் சற்று மேலே, காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஸ்னேரின் நடுவை நோக்கி வையுங்கள். நீங்கள் எந்தச் சமநிலையைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறீர்களோ ஏறக்குறைய அதையே மைக்கும் கேட்கும். சிம்பல்களும் மிஞ்சி நிற்கா. குச்சி மைக்கில் படுகிறதா என்று எல்லா டாம்களையும் ஒருமுறை வேகமாகச் சுற்றி வாசித்துப் பார்த்துவிட்டே பதிவைத் தொடங்குங்கள்.

கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம், தேவை. 24 பிட்டில் பதிவுசெய்யுங்கள். பாட்டின் மிக உரத்த பகுதியை வாசிக்கும்போது அளவுக்கோடு மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். சோதனையின்போது அடிப்பதைவிடப் பதிவின்போது எல்லா டிரம்மரும் பலமாகவே அடிப்பார்கள். கெயினை முழுவதும் குறைத்த பிறகும் கிளிப் ஆனால் (அளவு மீறி ஒலி கிழிந்தால்), மைக்கில் உள்ள, ஒலி அளவைக் குறைக்கும் பேட் பொத்தானைப் பயன்படுத்துங்கள்; அது இல்லாவிட்டால் மைக்கைத் தள்ளி வைப்பதே வழி.

கடைசியாக, இரண்டு தடங்களையும் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காமல், ஒன்றாக ஒலிக்கவிட்டு, கிக் தடத்தின் போலாரிட்டியை (ஒலியலையை மேல்கீழாகத் திருப்பும் பொத்தான்) மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு நிலையில் கிக் நெஞ்சில் இறங்கும். மற்றொன்றில் காணாமல் போகும். எது எது என்று விளக்கத் தேவையிராது.

கேள்வி: என்னிடம் ஒரே மாதிரியான இரண்டு கண்டென்சர் மைக்குகளும் நான்கு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸும் உள்ளன. கிளின் ஜான்ஸ் முறை என்று கேள்விப்பட்டு முயன்றேன். ஹெட்ஃபோனில் அகலமாகவும் அருமையாகவும் இருக்கும் ஸ்னேர், கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டால் மெலிந்துவிடுகிறது. மைக்கில் கோளாறா? — ஈப்போ வாசகர், மலேசியா

பதில்: மைக்கில் கோளாறு இருக்காது, தூரத்தை அளந்தீர்களா என்பதே என் சந்தேகம். 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பெலின் ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்த கிளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் இம்முறையில், ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே கீழ்நோக்கி நிற்கும். இன்னொன்று தரையில் காலூன்றி நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், செட்டின் குறுக்கே ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டை நோக்கி நிற்கும். கிக்குக்குத் தனியாக ஒரு மைக். முறையின் உயிர், மேலே சொன்ன இரண்டு மைக்குகளும் ஸ்னேரின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில் உள்ளது.

ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஒரு மைக் மற்றதைவிட அவ்வளவு தள்ளி இருந்தால், இரண்டையும் மோனோவாகக் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதேபோல் 1500, 2500 என்று சீப்பின் பற்களைப்போல் வரிசையாகப் பள்ளம் விழும். ஹெட்ஃபோனில் இரண்டும் இரு காதுகளில் தனித்தனியே விழுவதால் அந்தப் பள்ளம் தெரிவதில்லை. இடம் வலம் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கொட்டும் கைபேசி அதை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். நண்பர் ஒருவரின் மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை ஆறு பாட்டுகளுக்கு டிரம்ஸ் பதிவுசெய்தோம். இரவு வீடு திரும்பிச் சமையலறையில் இருந்த சிறிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது, ஸ்னேர் தகர டப்பாவைப்போல் ஒலித்தது. மறுநாள் போய் அளந்தேன். கண்ணளவில் சமமாகத் தெரிந்த இரண்டு மைக்குகளில் ஒன்று மூன்றடியிலும் மற்றொன்று ஏறக்குறைய நாலடியிலும் இருந்தன. ஒரு மைக் நேர்மேலும் மற்றது சாய்வாகப் பக்கவாட்டிலும் இருக்கும்போது தூரத்தைக் கண் சரியாகக் கணிப்பதில்லை. அன்றிலிருந்து என் கேபிள் பையில் ஒரு சணல் கயிறு கிடக்கிறது.

கயிற்றின் ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் ஒருவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றை மேலே உள்ள மைக்கின் முகம்வரை இழுத்து, அது தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். ஒரு மீட்டர் அளவு நல்ல தொடக்கம். நுனியை அசைக்காமல் அதே கயிற்றை ஃப்ளோர் டாம் பக்கம் கொண்டுவந்து, முடிச்சு எங்கே வருகிறதோ அங்கே இரண்டாவது மைக்கின் முகத்தை நிறுத்துங்கள். அளவெடுக்கும் டேப்பைவிடக் கயிறு மேல் என்பேன். டேப் சிம்பலில் பட்டு வளையும், விரலிலிருந்து நழுவிச் சுருண்டுகொள்ளும். நுனியைக் கிக்கின் தோலில் பெடலின் கட்டை அடிக்கும் இடத்துக்கு நேரே மாற்றி இன்னொருமுறை அளந்து, அங்கிருந்தும் தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி மைக்குகளைச் சற்று நகர்த்தினால் கிக்கும் இடம்-வலம் ஒலிப்பரப்பின் நடுவில் வந்து அமரும். கலக்கும்போது இரண்டு தடங்களையும் இடம் வலம் என முழுவதுமாகப் பிரிக்காமல் பாதியளவு பிரித்தால் போதும்.

நான்காவது உள்ளீட்டை ஸ்னேருக்கு விட்டுவைக்கலாம். 1965 முதல் சந்தையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.57 அல்லது அதுபோன்ற டைனமிக் மைக் ஒன்று பிற்காலத்தில் கையில் வந்தால், ஸ்னேரின் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சாய்த்து வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டப்போகிறான். ஒட்டினால் பக்கத்து வீட்டுக்கு டிரம்ஸ் கேட்காது என்கிறான். ஒட்ட விடலாமா? — கோயம்புத்தூர் வாசகி

பதில்: விட வேண்டாம், அம்மா. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பதும், அறையைவிட்டு ஒலி வெளியேறாமல் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒலியைத் தடுக்கக் கனம் வேண்டும், காற்று நுழையும் இடைவெளியே இல்லாத அடைப்பும் வேண்டும். முட்டை அட்டைக்குக் கனமே கிடையாது. எதிரொலியைக் குறைக்கவும் அது பெரிதாக உதவாது. உயர்ந்த ஒலிகளைச் சிறிது மழுங்கடித்துவிட்டுத் தாழ்ந்த ஒலிகளை அப்படியே விட்டுவிடுவதால் அறை முன்னைவிட மந்தமாகத்தான் ஒலிக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளைக் கூரைவரை ஒட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிக்கின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு நேரே இறங்குகிறது. அதை முழுவதும் நிறுத்த, தரையிலிருந்து விலக்கி மிதக்கும் தளம் கட்ட வேண்டும். அது உங்கள் செலவுக்குள் வராது. கீழ்வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசி, அவர்கள் வெளியே செல்லும் நாளில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குவதே நடக்கக்கூடிய வழி. அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சுருதி கூட்டல், மைக் வைத்தல் அனைத்தையும் முடித்துவிட்டால் நேரம் தாராளமாகப் போதும். அன்றாடப் பயிற்சிக்கு, டிரம்களில் தோலுக்குப் பதிலாக வலைபோல் பின்னிய வலைத்தோலைப் பொருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அடியின் துள்ளல் இருக்கும், சத்தம் பெரிதும் குறையும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினால் மைக் தொல்லையே இல்லை என்பது மெய்தான். ஆனால் அதிலும் கிக் பெடலின் அதிர்வு தரையில் இறங்கும் என்பதை வாங்குவதற்கு முன் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மைக், இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லை. கைபேசி மட்டுமே உண்டு. பதிவுசெய்தால் ஒவ்வொரு ஸ்னேர் அடிக்கும் பிறகு ஒலி அமுங்கி, பின் மெல்ல எழும்புகிறது. இதற்கு வழியுண்டா? — யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: உண்டு. கைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. உரத்த ஒலி வந்ததும் தானாகவே கெயினைக் குறைத்து, அமைதி வந்ததும் ஏற்றிவிடும். நீங்கள் கேட்கும் அமுங்கல் அதுதான். கெயினைக் கையால் நிர்ணயிக்க இடம்தரும் ஒலிப்பதிவுச் செயலி ஒன்றைத் தேடிப்பிடித்து, தானியங்கிச் சரிசெய்தலையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். அதன்பின் கைபேசியைச் செட்டிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளி, நிற்பவரின் நெஞ்சுயரத்தில், மடித்த துவாலையின்மேல் வையுங்கள். அப்போதும் ஒலி கிழிந்தால், கதவைத் திறந்துவைத்து அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள்.

தூரத்திலிருந்து பதிவுசெய்வது ஏழைகளின் வழி என்று எண்ண வேண்டாம். லெட் செப்பெலினின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பாட்டுக்காக, இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் அக்குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமை உட்காரவைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார் ஆண்டி ஜான்ஸ். மேலே ஈப்போ வாசகருக்குச் சொன்ன கிளின் ஜான்ஸின் தம்பி அவர். பின்னர் கம்ப்ரஸரும் (உரத்த, மெல்லிய ஒலிகளின் வேறுபாட்டைக் குறைக்கும் கருவி) எக்கோ கருவியும் சேர்ந்தன என்றாலும் அந்த ஒலியின் பெரும்பகுதி அந்தக் கூடத்தினுடையது. உங்கள் வீட்டில் உயரமான கூடமோ மாடிப்படியோ இருந்தால் கைபேசியை அங்கே கொண்டுபோங்கள்.

தூரப் பதிவில் சமநிலையைப் பிறகு திருத்த முடியாது என்பதால், வாசிப்பவர்தான் கலவையையும் செய்ய வேண்டும். கிக்கையும் ஸ்னேரையும் அழுத்தமாகவும், ஹை-ஹாட்டையும் சிம்பல்களையும் வழக்கத்தில் பாதி பலத்திலும் வாசியுங்கள். மிகையாகத் தோன்றும், கேட்கும்போது சரியாக இருக்கும். இரண்டு கைபேசிகளில் பதிவுசெய்வதானால் தொடக்கத்திலும் முடிவிலும் குச்சிகளை ஒருமுறை ஓங்கித் தட்டிவிடுங்கள். இரண்டின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை; நீண்ட பாட்டில் எவ்வளவு விலகின என்பதை அந்த இரண்டாவது தட்டல் காட்டும்.

கேள்வி: மிருதங்கத்தை வீட்டில் பதிவுசெய்ய இதே முறைகள் பொருந்துமா? — தஞ்சாவூர் வாசகர்

பதில்: கொள்கை பொருந்தும், இடம் மாறும். ஒரே மைக் என்றால் மிருதங்கத்துக்கு முன்னால் இரண்டு மூன்றடி தள்ளி வைத்து, உயர்ந்த ஒலி தரும் வலந்தலை மிஞ்சினால், தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கமாகவும், தொப்பி மிஞ்சினால் வலந்தலைப் பக்கமாகவும் ஓரிரு விரற்கடை நகர்த்துங்கள்; அந்தச் சிறிய நகர்வுக்கே வித்தியாசம் கேட்கும். இரண்டு மைக் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரத்தில், கையின் போக்குக்குத் தடையில்லாமல் சற்று முன்னே தள்ளி வையுங்கள். வலந்தலை மைக்கைத் தோலுக்கு நேரெதிரே வைத்தால் சாப்பு என்னும் அடி காதைக் குத்தும். தொப்பி மைக்குக்கு மிக அருகே போனால் கும்கி என்னும் அடியின் காற்று மைக்கில் பட்டுப் 'புஸ்' என்று உறுமும். இரண்டையும் மோனோவில் சேர்த்துப் போலாரிட்டியைச் சரிபார்ப்பது இங்கும் கட்டாயம், ஏனெனில் தொப்பியின் நாதம்தான் முதலில் மறையும்.

ஏ.சி. ஓடிய அறையில் காற்று உலர்ந்து வார்த்தோல் இறுகுவதால் சுருதி ஏறும். அதை அணைத்துவிட்டால் மெல்ல இறங்கும். ஆகவே பதிவு தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்தி, அந்தக் காற்றிலேயே மிருதங்கத்தைச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பியில் அப்பிய ரவை காயத் தொடங்கினால் நாதத்தின் கனம் மாறும் என்பதால், ஒரே பாட்டின் பகுதிகளை இடைவேளைக்கு முன்னும் பின்னுமாகப் பிரிக்காமல் ஒரே அமர்வில் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: பதிவு முடிந்ததும் முதலில் கம்ப்ரஸரா, இ.க்யூ.வா? — சேலம் வாசகர்

பதில்: இரண்டும் பிறகு. முதலில் கிக் தடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செட்டை மேலிருந்து கேட்கும் ஓவர்ஹெட் மைக், கிக் மைக்கைவிட ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதே அடி அதில் ஏறக்குறைய 3 மில்லி விநாடி பிந்திப் பதிந்திருக்கும். கிக் தடத்தை அவ்வளவு பின்னுக்குத் தள்ளி, கேட்டுப் பார்த்து, கனம் கூடினால் மட்டும் அப்படியே விடுங்கள். பிறகு இ.க்யூ., அதன்பின் கம்ப்ரஸர். சிறிய அறையில் எடுத்த ஓவர்ஹெட்டைக் கம்ப்ரஸரில் நெருக்கினால் அடிகளுக்கிடையே அறையின் மோசமான எதிரொலி எழும்பிவரும். ஆகவே கிக் தடத்தில் தாராளமாகவும் ஓவர்ஹெட்டில் சிக்கனமாகவும் இருங்கள். இன்னொன்று: பாட்டின் கடைசி சிம்பல் முழுவதும் அடங்கும்வரை குச்சியைக் கீழே வைக்காதீர்கள், நாற்காலியும் கிறீச்சிடக் கூடாது. ஹெட்ஃபோனில் ஓடும் மெட்ரோனோமைக் கடைசி அடியோடு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நீண்ட மறைவுக்கு நடுவே அதன் 'டிக் டிக்' கசிந்து பதிந்திருக்கும்.